பாத்ரூம் குழாய் சொட்டுதா? நீங்களே சரிபண்ணலாம்!

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி பக்கம் இருக்கீங்களா? 2019 கோடையில் செம்பரம்பாக்கம் ஏரி வறண்டு, தண்ணீர் லாரிக்காகக் குடத்தோடு நின்னது மறந்திருக்காது. சொட்டுற குழாயை அப்படியே விடலாமா? ராத்திரி அடியில் ஒரு பக்கெட் வைங்க. எவ்வளவு வீணாகுதுனு காலையில் தெரியும்.

பெரும்பாலும் காரணம், தேய்ந்துபோன வாஷர். முதலில் கேட் வால்வை மூடி, குழாயைத் திறந்து மிச்சத் தண்ணீரை வடிய விடுங்க. ஸ்க்ரூ உள்ளே விழாமலிருக்க, தண்ணீர் போகும் ஓட்டையைத் துணியால் அடைங்க. கைப்பிடியைக் கழற்றி, ஸ்பேனரால் ஸ்பிண்டிலை இடப்பக்கமாகத் திருப்பி எடுங்க. அதன் நுனியிலுள்ள வாஷரை ஹார்டுவேர் கடையில் காட்டி, அதே அளவில் வாங்கி மாட்டுங்க. படிந்த உப்பையும் துடைச்சிடுங்க.

கால் திருப்பிலேயே திறக்கும் குழாயா? உள்ளே செராமிக் டிஸ்க் இருக்கும், ஸ்பிண்டிலையே மாத்தணும். அப்பவும் சொட்டினா, பிளம்பரைக் கூப்பிடுங்க.