ஃபா ஆகிப்போன ழ

கோயம்புத்தூரிலிருந்து பாலக்காடு போகும் வழியில், வாளையாரைத் தாண்டியதும் கடைப் பலகைகளின் எழுத்து மலையாளத்துக்கு மாறிவிடும். ழ மட்டும் எங்கும் போய்விடாது. மலம்புழை, கல்பாத்திப்புழை, ஆலப்புழை, கோழிக்கோடு என்று அந்தப் பக்கம் நம்மைவிடத் தாராளமாகவே புழங்குகிறது. வடக்கே சத்தியமங்கலம் வழியாகத் திம்பம் மலைப்பாதை ஏறிச் சாமராஜநகர் பக்கம் இறங்கினால் கதை வேறு. அங்கே மழை 'மளெ', கோழி 'கோளி', ஏழு 'ஏளு'. மலையாளத்தாரின் 'புழ' அங்கே 'ஹொளெ'.

கன்னடத்துக்கும் ஒரு காலத்தில் ழ இருந்தது. தனி ஒலி, தனி எழுத்து. பழங்கன்னடக் கல்வெட்டுகளிலும் காவியங்களிலும் அதைப் பார்க்கலாம். பேச்சில் அது மெல்ல ள-வோடு கலந்தது. 13-ஆம் நூற்றாண்டில் 'சப்தமணிதர்ப்பணம்' என்ற இலக்கணம் எழுதிய கேசிராஜன், எந்தெந்தச் சொல்லில் அந்த எழுத்து வரும் என்று எடுத்துச் சொல்ல வேண்டியிருந்தது. பிறகு அது புலவர்களுக்கும் பதிப்பாசிரியர்களுக்கும் மட்டுமே உரிய எழுத்தாயிற்று.

அதன் அடுத்த பயணம் கணினிக்குள். இந்திய மொழிகளுக்காக இங்கே உருவான இஸ்கி குறியீட்டு முறையின் 1988 வடிவத்தை வைத்துத்தான் உலகப் பொதுக் குறியீட்டு முறையான யூனிகோடு நம் எழுத்துகளுக்கு இடம் பிரித்தது. ஏற்பாடு ரயில் பெட்டி மாதிரி: ஒவ்வொரு எழுத்துமுறைக்கும் 128 இருக்கை கொண்ட ஒரு பெட்டி, எல்லாப் பெட்டியிலும் ஒரே இருக்கை எண்ணில் ஒரே ஒலி. ழவுக்கு 52-ஆம் இருக்கை (எண்ணிக்கை சுழியத்தில் தொடங்கும்). தமிழ்ப் பெட்டி 2944-இல் தொடங்குகிறது, ஆகவே நம் ழ 2996. மலையாள ழ 3380. ஹிந்திக்காரர்கள் நம் பெயர்களைச் சரியாக எழுத நினைத்தால் உதவட்டும் என்று தேவநாகரிப் பெட்டியிலும் 2356-இல் ஒரு ழ உண்டு. (கணினிக்காரர்கள் இவற்றைப் பதினறும எண்ணில் எழுதுவார்கள், படிக்கச் சுலபமாக இருக்கட்டும் என்று சாதாரண எண்ணிலேயே சொல்கிறேன்.)

கன்னடப் பெட்டியில் 52-ஆம் இருக்கை, அதாவது 3252, காலி. கன்னட ழ அங்கே இல்லை. வெகு தூரம் தள்ளி 94-ஆம் இருக்கையில், 3294-இல், உட்கார வைத்திருக்கிறார்கள். தேவநாகரியிலும் குர்முகியிலும் அந்த இருக்கை 'ஃபா'வுக்கு உரியது. 1993-இல் வந்த யூனிகோடு 1.1 பதிப்பிலேயே இந்த எழுத்து இருக்கிறது. பெயர் 'கன்னட லெட்டர் ஃபா'. வரைந்திருக்கும் உருவம் ழ, எழுதியிருக்கும் பெயர் ஃபா. இருக்கை எண்ணைப் பார்த்துப் பெயர் எழுதினார்கள், ஆளைப் பார்க்கவில்லை என்றுதான் தோன்றுகிறது. நிஜமான கன்னட ஃபாவுக்குத் தனி இருக்கையே கிடையாது. 'ப' வரிசை எழுத்து ஒன்றின் கீழே புள்ளி வைத்து எழுதிக்கொள்கிறார்கள்.

தவறு தெரிந்ததும் திருத்திவிடலாமே? முடியாது. 1996-இல் வந்த 2.0 பதிப்பு முதல், ஒருமுறை வைத்த எழுத்துப் பெயரை எக்காரணம் கொண்டும் மாற்றுவதில்லை என்பது யூனிகோடின் விதி. எத்தனையோ நிரல்கள் அந்தப் பெயரைச் சொல்லித்தான் எழுத்தைக் கூப்பிடுகின்றன. பெயர் மாறினால் அவை உடையும். லாவோ மொழியில் சில எழுத்துகளின் பெயர்கள் இடம் மாறிக் கிடக்கின்றன. அடைப்புக்குறி ஒன்றின் பெயரில் 'பிராக்கெட்' என்ற சொல்லில் கே-யும் சி-யும் முன்பின்னாகக் கிடக்கின்றன. அவற்றையும் தொடவில்லை. யூனிகோடுக்கு வெளியேயும் இதே கதைதான்: இணையம் முழுக்க இன்றும் 'ரெஃபரர்' என்ற சொல்லை ஓர் 'ஆர்' குறைத்தே அனுப்பிக்கொண்டிருக்கிறது. 1996-இல் வெளியான எச்டிடிபி நெறிமுறை ஆவணத்தில் அப்படி அச்சாகிவிட்டது, அவ்வளவுதான். எரிச்சலாக இருந்தாலும் இந்தப் பிடிவாதம் சரி என்பதே என் கட்சி.

2006-இல், 5.0 பதிப்பில், ஒரு வழி கண்டார்கள். பழைய பெயர் அப்படியே இருக்கும். பக்கத்தில் திருத்தப் பெயர் ஒன்றும் அதிகாரபூர்வமாக இருக்கும். 3294-க்குக் கிடைத்த திருத்தப் பெயர் 'கன்னட லெட்டர் எல்எல்எல்ஏ'. (ல-வுக்கு ஓர் எல், ள-வுக்கு இரண்டு, ழ-வுக்கு மூன்று. யூனிகோடு வழக்கம் அப்படி.) எழுத்து அட்டவணையிலும் எல்எல்எல்ஏ என்பதற்குப் பதிலாகத் தவறி வந்த பெயர் இது என்று குறிப்பு இருக்கிறது.

குறிப்பு அட்டவணையோடு நின்றது. நிரல் எழுதுகிறவர் அட்டவணையைத் திறப்பதில்லை, நிரல்மொழியைத்தான் கேட்கிறார். பைதானில் 'யூனிகோடுடேட்டா' தொகுதியின் நேம் செயல்கூற்றிடம் 3294-ஆம் எழுத்தைக் கொடுத்துப் பாருங்கள். கூசாமல் 'கன்னட லெட்டர் ஃபா' என்று பதில் வரும். அதே தொகுதியின் லுக்அப் செயல்கூற்றிடம் 'கன்னட லெட்டர் எல்எல்எல்ஏ' என்று கேட்டால் அதே எழுத்தை எடுத்துத் தரும், பைதான் 3.3 பதிப்பு முதல் திருத்தப் பெயர்களையும் அது அறியும். சரியான பெயர் சொல்லிக் கூப்பிட்டால் எழுத்து வருகிறது. வந்த எழுத்திடம் பெயர் கேட்டால் தவறான பெயரைச் சொல்கிறது. மூலப் பெயரைத் திருத்தாததில் எனக்குக் குறை இல்லை. நேம் செயல்கூற்றின் விளக்கத்தில், வரும் பெயருக்குத் திருத்தம் இருக்கலாம் என்று ஒரு வரி சேர்த்தால் என்ன குறைந்துவிடும்?

ஒரு மாணவர் பழங்கன்னடப் பாடல்களை ரோமன் எழுத்தில் மாற்ற நிரல் எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம். கைவேலையைக் குறைக்க, ஒவ்வொரு எழுத்துக்கும் பைதான் சொல்லும் பெயரின் கடைசிச் சொல்லையே ஒலியாக எடுத்துக்கொள்கிறார். கா, மா, ரா எல்லாம் ஒழுங்காக வரும். மழை 'மஃபெ' ஆகிவிடும், கோழி 'கோஃபி' ஆகிவிடும். பிழைச்செய்தி எதுவும் வராது. பழங்கன்னடம் அறிந்தவர் யாராவது அச்சுப்படியைப் படித்துவிட்டு இந்தக் கோஃபி எங்கிருந்து வந்தது என்று கேட்டால் உண்டு.

தெலுங்கும் தன் பழைய ழவை நெடுநாள் கழித்துத்தான் யூனிகோடில் சேர்த்துக்கொண்டது. 2014-இல், 7.0 பதிப்பில், 52-ஆம் இருக்கையில், எல்எல்எல்ஏ என்ற பெயரோடு.