கட்டுப்படியாகல, அண்ணாச்சி

திருச்சுழிப் பக்கத்துக் கரிசலில் மாடு விற்கிறவர் விலையை வாயால் சொல்வதில்லை. தரகர் கைமேல் துண்டு விழும். அதற்குள் விரலைப் பிடிக்கிற விதத்திலேயே ஆயிரமா, நூறா என்பது விளங்கிவிடும். பேரம் முறிந்தாலும் யார் எவ்வளவுக்குக் கேட்டார் என்பது மூன்றாம் ஆளுக்குத் தெரியாது. மாட்டின் மதிப்பும் கெடாது, கேட்டவர் முகமும் வாடாது. இதைவிடப் பெரிய மரியாதையை நான் எந்தச் சந்தையிலும் பார்த்ததில்லை.

பருத்திக்கும் கொத்தமல்லிக்கும் அந்த மரியாதை வாய்க்கவில்லை. விதைப்புக்கே மண்டியில் முன்பணம் வாங்கிய சம்சாரி, விளைந்ததை அங்கேதான் இறக்கவேண்டும். சொன்ன விலைக்குத் தலையாட்ட வேண்டும். சாம்பிளுக்கு ஒரு அள்ளு, சாக்குக்கு எடை, தூசிக்குக் கழிவு, அதற்குமேல் சமூகப் பொதுநிதிக்கான மகமை. மகமைப் பணத்தில் நாடார் உறவின்முறைகள் பள்ளிக்கூடங்கள் கட்டின. அதைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. மற்றக் கழிவுகளுக்கு அப்படி ஒரு நியாயமும் கிடையாது.

இப்படிப்பட்ட கழிவுகளுக்கு முடிவுகட்ட, 1928இல் வேளாண்மைக்கான ராயல் கமிஷன் ஒழுங்குபடுத்திய சந்தைகள் வேண்டுமென்றது. சென்னை மாகாணத்தில் 1933இல் வணிகப் பயிர்ச் சந்தைச் சட்டம் வந்தது. 1936இல் திருப்பூரில் முதல் விற்பனைக்கூடம். பின்னாளில் அருப்புக்கோட்டைக்கும் ஒன்று கிடைத்தது.

அங்கே நடக்கும் மறைமுக ஏலத்தில் ஒவ்வொரு குவியலுக்கும் ஒரு எண். வியாபாரி சரக்கை அள்ளிப் பார்த்து, விலையைச் சீட்டில் எழுதிப் பெட்டியில் போடுவார். அடுத்தவர் எழுதியது அவருக்குத் தெரியாது. துண்டுக்குள் இருந்த ரகசியம் பெட்டிக்குள் வந்தது. பெட்டியைத் திறந்து உச்ச விலையை வாசித்த பிறகும், “கட்டுப்படியாகல, அண்ணாச்சி” என்று சம்சாரி மறுக்கலாம். யாரும் கோபித்துக்கொள்ளக் கூடாது. சரக்கைக் கிட்டங்கியில் வைத்து அதன் பேரில் ஈட்டுக்கடன் வாங்கிக்கொள்ளலாம். இந்தக் கடன்தான் முறையின் உயிர் என்பேன். வட்டிக்காரர் வாசலில் நிற்கும்போது எந்தச் சம்சாரியால் மறுக்க முடியும்?

2016 ஏப்ரல் 14இல் தொடங்கிய இ-நாம் என்னும் தேசிய மின்னணு வேளாண் சந்தை, ஏலத்தைக் கைப்பேசிக்குக் கொண்டுவந்தது. வெளியூர் வியாபாரி சரக்கைத் தொடாமலே, தர அறிக்கையைப் பார்த்து விலை கேட்கிறார். அதனால் விற்பவரின் பொறுப்பு கூடிவிட்டது. மூட்டை வாயில் நல்ல மல்லியை வைத்து அடியில் ஈரத்தைத் திணிப்பவர், முகம் தெரியாத ஒருவரின் நம்பிக்கையைத் திருடுகிறார். ஏலத்தை வென்றபின் “தரம் கொஞ்சம் கம்மி” என்று விலையைக் குறைக்கச் சொல்லும் வியாபாரியோ, சட்டம் போட்டு ஒழித்த பழைய கழிவையே வேறு பெயரில் கேட்கிறார்.