ஃபெடெக்ஸ் கோப்பை

அமெரிக்காவின் பிஜிஏ டூர் 2007 முதல் நடத்தும், பருவம் முழுவதற்குமான கோல்ஃப் புள்ளிப் போட்டி. வழக்கமான பந்தயத்தில் வெல்பவருக்கு 500 புள்ளிகள். மேஜர் பந்தயத்தில் 750. ஆகஸ்டில் பட்டியலின் முதல் 70 பேர் மெம்ஃபிஸில் ஆடுவர். அடுத்த பந்தயத்துக்கு 50 பேர், அட்லாண்டாவின் ஈஸ்ட் லேக்கில் நடக்கும் டூர் சாம்பியன்ஷிப்புக்கு 30 பேர். முதலிரண்டில் வெற்றிக்கு 2,000 புள்ளிகள் என்பதால் மாதக்கணக்கில் சேர்த்த முன்னிலை ஒரே வாரத்தில் கரையலாம். 2019 முதல் 2024 வரை இறுதிப் பந்தயத்தை முதலிடத்தவர் பத்து அடி சாதகத்தோடு தொடங்கினார். பார்வையாளரைக் குழப்பிய அம்முறை 2025இல் கைவிடப்பட்டது. இப்போது அனைவரும் சமமாகத் தொடங்க, குறைந்த அடிகளில் முடிப்பவருக்கே கோப்பை. நாப்பாவில் 2023இல் தம் முதல் பிஜிஏ டூர் பட்டம் வென்ற இந்திய வம்சாவளி வீரர் சாஹித் தீகலா, 2024 இறுதிப் பந்தயத்தில் மூன்றாமிடம் பெற்றார். அதுவும், மணற்குழியில் மட்டை மணலைத் தொட்டதாகத் தாமே சொல்லி இரண்டடித் தண்டம் ஏற்ற பின்பு.