ஜம்போ பிரேம்

ஜம்போ பிரேம் என்பது ஈதர்நெட் தரநிலை வகுத்த 1,500 பைட் வரம்பைத் தாண்டி, வழக்கமாக 9,000 பைட் வரை தரவு சுமக்கும் பிரேம். சர்வருக்கும் சேமிப்பகப் பெட்டிக்கும் இடையே ஓடும் ஐஸ்கஸி (பிணையம் வழி வட்டு), என்எஃப்எஸ் (பிணையம் வழி கோப்பு) போக்குவரத்தில்தான் இதற்கு வேலை அதிகம். இதை எந்தத் தரநிலைக் குழுவும் ஏற்றதில்லை. 1990களின் கடைசியில் ஒரு சிறு நிறுவனம் கிளப்பிய வழக்கம் இது. ஆனாலும் இன்று விற்பனையாகும் நிறுவன சுவிட்சுகளில் இது இல்லாத மாடலைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

1,500 வந்த வழி

ஈதர்நெட்டுக்கு வித்திட்டவர் ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆய்வகத்தில் இருந்த பாப் மெட்கால்ஃப். அவருடைய முதல் குறிப்பு 1973 மே மாதத்தது. டேவிட் பாக்ஸோடு சேர்ந்து அவர் கட்டிய சோதனைப் பிணையத்தின் வேகம் 2.94 மெகாபிட். 1980இல் டிஇசி, இன்டெல், ஜெராக்ஸ் மூன்றும் கூடி 10 மெகாபிட் ஈதர்நெட்டுக்கு விதி வகுத்தபோது, ஒரு பிரேமில் போகும் தரவு 1,500 பைட்டுக்கு மேல் கூடாது என்று எழுதிவைத்தன. முகவரிக்கும் வகைக்குமாக 14 பைட், பிழை சோதிக்க 4 பைட் சேர்த்தால் முழுப் பிரேம் 1,518 பைட்.

காரணங்கள் அந்தக் காலத்துக்கு நியாயமானவை. நினைவகச் சில்லு விலை அதிகம். பிரேமை முழுதாக வாங்கி வைக்கப் பிணைய அட்டையில் இடம் வேண்டும். எல்லாக் கணினிகளும் ஒரே கம்பியைப் பங்குபோட்டதால், முழு நீளப் பிரேம் ஒன்று 10 மெகாபிட்டில் கம்பியை 1.2 மில்லிநொடி பிடித்துக்கொள்ளும். அதற்குமேல் மற்றவர்களைக் காக்கவைக்க வடிவமைத்தவர்கள் விரும்பவில்லை. ஐட்ரிபிள்ஈ குழு இதே எண்ணை 802.3 தரநிலையில் வைத்து 1985இல் வெளியிட்டது. மாணவர்கள் இன்றும் பாடத்தில் படிப்பது அதே 1,500தான். இடையில் கம்பியின் வேகம் பல்லாயிரம் மடங்கு கூடிவிட்டது.

1995இல் 100 மெகாபிட், 1998இல் ஒரு கிகாபிட், 2002இல் பத்து கிகாபிட் என்று ஒவ்வொரு தலைமுறையும் அளவை மாற்றாமல் விட்டதற்குப் பிடிவாதம் காரணமல்ல. பழைய சாதனமும் புதிய சாதனமும் ஒரே சுவிட்சில் கேள்வி கேட்காமல் பேசிக்கொள்ள வேண்டும் என்பதே ஈதர்நெட்டின் பலம். ஐபி நெறிமுறையில் பெரிய பாக்கெட்டை வழியில் துண்டாக்க ஏற்பாடு உண்டு; ஈதர்நெட்டில் அது கிடையாது. அளவு மீறி வந்தால் சுவிட்ச் அதைக் கீழே போட்டுவிடும், அனுப்பியவருக்குத் தகவலும் சொல்லாது. இந்த ஊமைத்தனத்தை நினைவில் வைத்தால் ஜம்போ பிரேமின் சரித்திரத்தில் பாதி புரிந்துவிடும்.

பெரிய பாக்கெட் என்ற எண்ணம் புதிதும் அல்ல. அதே காலத்து எஃப்டிடிஐ வளையம் 4,500 பைட் பிரேமைச் சுமந்தது. ஏடிஎம் பிணையத்தின் மேல் ஐபி ஓடியபோது இயல்பு அளவு 9,180. ஹிப்பி என்னும் சூப்பர் கணினிப் பிணையத்தில் 65,280 வரை போகலாம். போட்டியில் இவை தோற்று ஈதர்நெட் வென்றது. வென்றவரிடம்தான் ஆகச் சிறிய பை இருந்தது.

ஆல்டியன்

கிகாபிட் ஈதர்நெட் வந்தபோது சிக்கல் கம்பியில் இல்லை, சர்வரில் இருந்தது. 1,500 பைட் பிரேம்களாக ஒரு கிகாபிட்டை நிரப்பினால் நொடிக்கு 81,274 பிரேம். ஒவ்வொன்றுக்கும் ஹெட்டரைப் பிரித்துப் பார்க்க வேண்டும், கூட்டுத்தொகை சரிபார்க்க வேண்டும், அட்டை செயலியைத் தட்டி எழுப்ப வேண்டும். அன்றைய பென்டியம் 2 செயலி 300, 400 மெகாஹெர்ட்ஸில் ஓடியது. கோப்பை அனுப்புவதே அதன் முழுநேர வேலையாகிப் போனது. ஜின்னிங் ஆலை எடைமேடையில் நின்றவர்களுக்கு இது விளங்கும். பருத்தியைச் சாக்குச் சாக்காகக் கொண்டுவந்தாலும் லாரியில் கொண்டுவந்தாலும் ஒரு நடைக்கு ஒரு சீட்டுதான். சீட்டு எழுதுகிறவருக்கு எடையைப் பற்றிக் கவலையில்லை, நடைகளின் எண்ணிக்கைதான் கை வலி.

கலிபோர்னியாவின் சான் ஹோசேயில் இருந்த ஆல்டியன் நிறுவனம், தன் ஏஸ்னிக் அட்டையிலும் சுவிட்சிலும் 9,000 பைட் பிரேமை அனுமதித்தது. அதற்கு ஜம்போ என்று பெயரும் வைத்தது. நொடிக்கு 81 ஆயிரம் என்றிருந்தது 13,830 ஆனது. ஆல்டியனின் சில்லைக் கொண்டு செய்த அட்டைகளை 3காம், நெட்கியர் பெயர்களிலும் வாங்க முடிந்ததால் வழக்கம் பரவியது. 2000இல் நார்டெல் 780 கோடி டாலர் மதிப்பில் ஆல்டியனை வாங்கியது. 2009 தொடக்கத்தில் நார்டெல் திவாலாகி, ஆல்டியன் பெயர் ராட்வேர் என்ற நிறுவனத்தின் கைக்குப் போனது. 9,000 என்ற எண்ணுக்கு மட்டும் ஒன்றும் ஆகவில்லை.

ஏன் 9,000? இரண்டு சுவர்களுக்கு நடுவே கிடைத்த இடம் அது. கீழ்ச்சுவர் சேமிப்பகம் எழுப்பியது: அந்நாளைய என்எஃப்எஸ் கோப்புகளை 8 கிலோபைட், அதாவது 8,192 பைட் துண்டுகளாகப் படித்தது. ஹெட்டர்களோடு அந்தத் துண்டு ஒரே பிரேமில் அடங்கினால் ஆறு பிரேம் வேலை ஒன்றாகும். மேல்சுவரைக் கண்டு சொன்னவர் ராஜ் ஜெயின். பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்திலும் ஹார்வர்டிலும் படித்து டிஇசியில் பணியாற்றிய இவர், எஃப்டிடிஐ பிணையத்தின் பிழைத் தன்மைகளை ஆராய்ந்து 1990இல் கட்டுரை வெளியிட்டார். ஈதர்நெட்டும் எஃப்டிடிஐயும் ஒரே 32 பிட் பிழைச் சோதனையைத்தான் பயன்படுத்துகின்றன. ஏறத்தாழ 11,400 பைட் வரை, பிரேமில் எங்கே மூன்று பிட் கெட்டாலும் அந்தச் சோதனை தவறாமல் பிடித்துவிடும். அதைத் தாண்டினால் அந்த உறுதி குறையும். 9,000 இரண்டுக்கும் நடுவில் வசதியாக உட்கார்ந்தது.

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் இன்டர்நெட்2 முதுகெலும்பு, ஆஸ்திரேலியாவின் ஆர்நெட் போன்ற ஆய்வுப் பிணையங்கள் இதை வரவேற்றன. பிட்ஸ்பர்க் சூப்பர் கணினி மையத்தின் மேட் மாதிஸும் சகாக்களும் 1997இல் காட்டிய சமன்பாட்டின்படி, பாக்கெட் இழப்பு இருக்கும் நெடுந்தொலைவு வழியில் டிசிபியின் வேகம் பாக்கெட் அளவுக்கு நேர் விகிதத்தில் இருக்கும். பை ஆறு மடங்கானால் வேகமும் ஆறு மடங்கு. இணையம் முழுக்கவே 9,000க்கு மாறிவிடும் என்று சிலர் நம்பினார்கள். மாறவில்லை. ஐட்ரிபிள்ஈ ஒத்துழைக்காததற்குப் பழைய காரணத்தோடு புதிய காரணம் ஒன்றும் இருந்தது: பிரேமின் ஒரு புலத்தில் 1,500 வரை எண் வந்தால் அது நீளம், 1,536இலிருந்து வந்தால் அது வகை, நீளம் 9,000 என்று எழுதவே இடமில்லை. இணைய நெறிமுறைகளை வகுக்கும் ஐஇடிஎஃப்பில் இதற்கு வழி சொன்ன வரைவு காலாவதியானது. 2006இல் 802.3ஏஎஸ் பிரேமை 2,000 பைட்டுக்கு நீட்டியபோதும், கூடுதல் இடம் குறிச்சொற்களுக்குத்தான். தரவுக்கு அதே 1,500.

சேமிப்பகப் பிணையம்

சேமிப்பகத்துக்கென்று தனிப் பிணையம் கட்டியது முதலில் பைபர் சேனல். இந்தியாவில் பிறந்த குமார் மளவள்ளி அதன் தரநிலைக் குழுவில் முன்னணியில் இருந்தவர், 1995இல் ப்ரோகேட் நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர். அதன் பிரேம் சுமப்பது 2,112 பைட் மட்டுமே. ஆனாலும் ஜம்போ வேண்டுமென்று அங்கே யாரும் குரல் எழுப்பவில்லை. துண்டுகளைச் சேர்த்து முழுத் தொகுதியாக்கும் வேலையை அட்டையே பார்த்துக்கொண்டது. செயலிக்கு அந்தப் பாரம் போகவேயில்லை. பலரும் கவனிக்காமல் விடும் சங்கதி இது. நோய் பிரேமின் சிறுமையில் இல்லை, அந்தச் சுமை யார் தலையில் விழுகிறது என்பதில் இருந்தது.

2004 ஏப்ரலில் ஆர்எஃப்சி 3720 வழியாக ஐஸ்கஸி வந்தது. பைபர் சேனல் அட்டையும் சுவிட்சும் வாங்க முடியாத நிறுவனங்கள் சாதாரண ஈதர்நெட்டிலேயே வட்டு இணைக்கலாம் என்றானது. அட்டை செய்த வேலை இப்போது மென்பொருளுக்கு வந்ததால் சுமை மறுபடி செயலியின் தலையில். ஜம்போ பிரேமின் பொற்காலம் இதுதான். 2007 இறுதியில் மெய்நிகர் கணினி மென்பொருளான விஎம்வேர் ஈஎஸ்எக்ஸ் 3.5 ஜம்போவை ஏற்றது. 2009இல் வந்த அதன் அடுத்த பதிப்பான விஸ்பியர் 4, சேமிப்பகத்துக்கான விஎம்கெர்னல் போக்குவரத்துக்கும் அதை விரித்தது. வட்டுப் பெட்டி விற்றவர்களின் கையேடுகளில் எம்டியு (ஒரே தடவையில் அனுப்பக்கூடிய உச்ச அளவு) 9000 என்ற வரி தவறாமல் இடம்பிடித்தது.

அமைப்பது சொல்வதற்கு எளிது: சர்வர், சுவிட்ச், சேமிப்பகப் பெட்டி மூன்றிலும் எம்டியு எண்ணை உயர்த்து. ஆனால் எண்ணை எங்கிருந்து எண்ணுவது என்பதில் ஒவ்வொருவருக்கும் ஒரு கணக்கு. லினக்ஸில் 9000 என்றால் ஐபி பாக்கெட்டின் அளவு. விண்டோஸில் பல இன்டெல் அட்டைகளின் அமைப்பில் 9014 என்று இருக்கும். 14 பைட் ஹெட்டரைச் சேர்த்த கணக்கு. ஜூனிப்பரும் ஹெட்டரைச் சேர்த்தே எண்ணும். சிஸ்கோவின் பழைய கேட்டலிஸ்ட் 2960, 3750 வகைகளில் சிஸ்டம் எம்டியு ஜம்போ 9000 என்று கட்டளை கொடுத்தபின் சுவிட்சை மறுதொடக்கம் செய்தாக வேண்டும். நெக்ஸஸ் 5000இல் போர்ட்டில் எம்டியு மாற்றவே முடியாது. சேவைத் தரக் கொள்கை ஒன்றை எழுதி அதில் 9216 என்று குறிக்க வேண்டும். குறித்த பிறகும் போர்ட் நிலவரம் பார்த்தால் 1500 என்றே காட்டும்! அதைப் பார்த்து இரவெல்லாம் தலையைப் பிய்த்துக்கொண்டவர்கள் ஊருக்கு ஊர் உண்டு. சுவிட்சில் அது தாங்கும் உச்ச எண்ணை வைத்துவிட்டு, இரு முனைகளில் மட்டும் 9000 வைப்பதே அனுபவசாலிகளின் வழி.

தவறு நேர்ந்தால் அது தெரியும் விதம்தான் விசித்திரமானது. டிசிபியில் இரு முனைகளும் தொடக்கத்திலேயே தத்தம் அளவைச் சொல்லிக்கொள்ளும். ஒரு முனை 1500 என்றால் மற்றதும் அதற்கு இறங்கிவரும். எல்லாம் ஓடும், ஜம்போதான் இருக்காது. இரு முனையும் 9000, நடுவில் ஒரு சுவிட்ச் 1500 என்றால்தான் வினை. கைகுலுக்கும் பாக்கெட்டுகள் சிறியவை, தடையின்றிக் கடக்கும். ஐஸ்கஸி இணைந்துவிட்டதாகக் காட்டும், வட்டின் பெயரும் தெரியும். வட்டில் முதன்முதலாகப் பெரிய தரவை எழுதத் தொடங்கியதும் எல்லாம் உறைந்து நிற்கும். சாதாரண பிங் ஒழுங்காகப் பதில் சொல்லும். ஆகவே துண்டாக்கக் கூடாது என்ற கொடியோடு 8,972 பைட் பிங் அனுப்பிப் பார்ப்பது வழக்கமானது. 9,000இல் ஐபி ஹெட்டர் 20, ஐசிஎம்பி ஹெட்டர் 8 கழித்த மீதி அது. இரட்டைப் பாதை வைத்த இடங்களில் இரண்டாம் சுவிட்சின் குறை, முதல் சுவிட்ச் விழும் நாள் வரை வெளியே வராது. பழுதான சுவிட்சுக்குப் பதில் அலமாரியில் இருந்ததை எடுத்து மாட்டும்போதும் இதே கதை.

தேவை குறைந்த காலம்

பைபர் சேனல் அட்டை முன்பே செய்துகாட்டியதை ஈதர்நெட் அட்டைகள் 2000களில் கற்றுக்கொண்டன. இயங்குதளம் 64 கிலோபைட் வரையான தொகுதியை அப்படியே கொடுக்கும், அட்டை அதை 1,500 ஆக நறுக்கி அனுப்பும். வாங்கும் பக்கம் சிறு பிரேம்களைச் சேர்த்து மேலே தரும் ஏற்பாடு 2009இல் லினக்ஸுக்குள் வந்தது. செயலிகளும் பல கரு கொண்டவையாகிவிட்டன. செயலிச் சுமையைக் காட்டி ஜம்போ கேட்ட வாதம் இதோடு வலுவிழந்தது. எஞ்சியது கம்பிச் சிக்கனம்: பிரேம்களுக்கு இடைப்பட்ட இடைவெளியையும் சேர்த்துக் கணக்கிட்டால் 1,500இல் கம்பியின் 94.9 விழுக்காடு உண்மைத் தரவுக்குக் கிடைக்கும், 9,000இல் 99.1. ஒரு கிகாபிட் இணைப்பில் நொடிக்கு ஏறத்தாழ 119 மெகாபைட் என்பது 124 ஆகும், அவ்வளவே.

இன்று ஜம்போ வாழ்வது ஒரே கைக்குள் அடங்கிய பிணையங்களில். அமேசான் மேகத்தின் உட்பிணையத்தில் எம்டியு 9,001, கூகுளில் 8,896 வரை வைக்கலாம். அமேசானின் உட்பிணையத்தை விட்டு இணையத்துக்குள் கால் வைத்ததும் 1,500க்கு இறங்கிவிடும். வீட்டுக்கு வரும் பிபிபிஓஈ வகை இணைப்புகளில் 1,500 கூடக் கிடையாது, எட்டு பைட் போக 1,492. விளாத்திகுளத்திலோ எட்டயபுரத்திலோ மாடியில் இருக்கும் மோடத்துக்கும் கணக்கு இதுதான்.

கோவில்பட்டி வட்டாரத்து நூற்பாலை, ஸ்கேன் மையம், கல்லூரி அலுவலகம் போன்ற இடங்களில் பொதுவாக இருக்கக்கூடியது ஒரு கிகாபிட் சுவிட்ச், சுழலும் வட்டுகள் கொண்ட ஒரு என்ஏஎஸ் பெட்டி, அதே கம்பியில் அச்சுப்பொறியும் கண்காணிப்புக் கேமராவும். அங்கே ஜம்போ தரும் ஐந்து மெகாபைட்டுக்காக, 9,000 அறியாத ஒரு கேமராவோடு மல்லுக்கட்டுவது வீண், 1,500இல் விட்டுவிடலாம். பத்து கிகாபிட்டுக்கு மேல் ஓடும் ஐஸ்கஸி அல்லது என்எஃப்எஸ் தனி வீலானில், தனி சுவிட்சில் இருந்தால் 9,000 வைப்பது இன்றும் தகும். சுவிட்ச் ஒவ்வொரு முறை மாறும்போதும் 8,972 பிங்கை இரு பாதைகளிலும் தனித்தனியே ஓட்டிப் பார்த்தாக வேண்டும்.