காகிதத்தில் இருந்த தோட்டம்

"வீட்டைக் கட்டிப் பார், கல்யாணத்தைப் பண்ணிப் பார்" என்று நம் பெரியவர்கள் சொல்லி வைத்தார்கள். இரண்டிலும் உள்ள கஷ்டத்தை அவர்கள் அனுபவித்து அறிந்திருந்தார்கள். ஆனால் அவர்கள் அறியாத மூன்றாவது கஷ்டம் ஒன்று உண்டு. பிறர் கட்டப் போகும் வீட்டை, கட்டுவதற்கு முன்பே வாங்கிப் பார்ப்பதுதான் அது.

சென்ற மாதம் நண்பர் ஒருவர் என்னைத் தேடி வந்தார். முப்பத்தைந்து வருஷம் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்து ஓய்வு பெற்றவர். சேமித்த பணத்தை எல்லாம் போட்டு, நாற்பத்தெட்டு வீடுகள் கொண்ட ஓர் அடுக்கு மாடிக் கட்டடத்தில் ஒரு பிளாட்டுக்கு ஏற்பாடு செய்திருந்தார். கையில் இரண்டு காகிதங்கள். ஒன்று வழவழப்பான வர்ணப் படம். நடுவில் பச்சைப் பசேலென்று தோட்டம். அதைப் பார்த்தாற்போல் இருக்கும் பால்கனிதான் வேண்டும் என்று அவருடைய மனைவி தேர்ந்தெடுத்திருந்தாராம். மற்றொன்று கட்டுகிறவரிடமிருந்து வந்த கடிதம். மேலும் இரண்டு மாடிகள் எழுப்ப உத்தேசம். அதற்காகப் பொது இடத்தில் 'சில சிறு மாறுதல்கள்'. இணைத்துள்ள சம்மதப் பத்திரத்தில் கையெழுத்திட்டு அனுப்பவும்.

"கையெழுத்துப் போடலாமா, கூடாதா? போடாவிட்டால் கோபித்துக் கொள்வார்களோ?" என்று கேட்டார்.

நான் வக்கீல் அல்ல, கதை எழுதுகிறவன். ஆகையால் அவருக்கு ஒரு கதை சொன்னேன். கற்பனை இல்லாத கதை.

ஏறக்குறைய 3,750 வருஷங்களுக்கு முன்பு பாபிலோனை ஆண்ட ஹம்முராபி என்ற அரசன் தன் சட்டங்களைக் கருங்கல்லில் பொறித்து வைத்தான். அந்தக் கல்லை இன்றும் பாரிஸ் நகரத்து லூவர் பொருட்காட்சிசாலையில் காணலாம். வீடு கட்டுகிறவனைப் பற்றி அதில் சில விதிகள் இருக்கின்றன. 'சார்' என்ற பரப்பு ஒன்றுக்கு இரண்டு ஷெக்கல் வெள்ளி கூலி. சுவர் சாய்ந்தால் கட்டியவன் தன் சொந்தப் பணத்தில் நிமிர்த்தித் தர வேண்டும். வீடு இடிந்து வீட்டுக்காரன் இறந்து போனால் கட்டியவனுக்கு மரண தண்டனை. தண்டனை பயங்கரமானதுதான். ஆனால் நாம் கவனிக்க வேண்டியது கூலியைப் பற்றிய விதியை. வீட்டைக் கட்டி முடித்தவனுக்குத்தான் அந்தக் கூலி. கண்ணால் பார்க்கக் கூடிய வீட்டை அளந்து விலை போட்டார்கள்.

நம் காலத்தில் வரிசை தலைகீழாகிவிட்டது. முதலில் பணம், பிறகு படம், கடைசியில் வீடு! இந்த மாறுதல் நம் நாட்டில் முதலில் பெரிய அளவில் வேரூன்றிய இடம் பம்பாய். அங்கே 1947ஆம் வருஷத்து வாடகைச் சட்டம், 1940 செப்டம்பரில் இருந்த வாடகையையே அளவுகோலாக வைத்தது. குடியிருந்தவர்களுக்கு அது பெரிய அபயம். ஆனால் வீடு கட்டி வாடகைக்கு விடும் தொழிலில் லாபம் வற்றிவிட்டது. தேசப் பிரிவினைக்குப் பிறகு நகரத்தில் ஜனத்தொகையோ பெருகிக் கொண்டிருந்தது. கட்டுகிறவர்கள் வேறு வழி கண்டுபிடித்தார்கள். வாடகைக்கு விடுவானேன்? ஒவ்வொரு பிளாட்டாக விற்றுவிட்டால் போயிற்று! வாங்குகிறவர்களின் முன்பணத்திலேயே கட்டடத்தையும் எழுப்பிவிடலாம்.

வீட்டுப் பஞ்சம் இருக்கும் ஊரில் முன்பணம் கொடுக்க ஆட்களுக்குப் பஞ்சம் இருக்குமா? கொடுத்தார்கள், கொடுத்துவிட்டுக் காத்திருந்தார்கள். காட்டிய படம் ஒன்று, எழுந்த கட்டடம் வேறு என்று புகார்கள் குவிந்தன. மகாராஷ்டிர சர்க்கார் 1960இல் ஒரு குழுவை நியமித்தது. அதன் பயனாக 1963இல் பிளாட்டுகளுக்கென்றே ஒரு சட்டம் பிறந்தது. முன்பணம் வாங்குவதற்கு முன்பே ஒப்பந்தம் எழுதிப் பதிவு செய்ய வேண்டும்; அந்த முன்பணமும் மொத்த விலையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் போகக் கூடாது. வாங்கிய பணத்தைத் தனிக் கணக்கில் வைக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, படத்தை ஒரு முறை காட்டிய பிறகு, வாங்கியவர்களின் சம்மதமின்றி அதை மாற்றக் கூடாது!

அந்த வாக்கியத்தில்தான் விஷயமெல்லாம் அடங்கியிருக்கிறது. கட்டாத வீட்டை வாங்குகிறவன் செங்கல்லையோ சிமெண்டையோ வாங்கவில்லை. ஒரு காகிதத்தில் உள்ள கோடுகளை வாங்குகிறான். கோடுகளை அழித்து எழுதும் உரிமை விற்றவரிடமே இருந்தால், அவன் வாங்கியதுதான் என்ன? பிளாட்டுகளின் சரித்திரம் முழுவதும் இந்த ஒரு கேள்வியைச் சுற்றியே நடந்திருக்கிறது: அழிக்கிற ரப்பர் யார் கையில்? 1963ஆம் வருஷத்துச் சட்டம் அதைப் பிடுங்கி வாங்கியவர் கையில் கொடுத்தது. 1986இல் ஒரு திருத்தம் வந்து, அதே மனையில் திட்டப்படி எழுப்பும் கூடுதல் கட்டடங்களுக்கு இந்தச் சம்மதம் தேவையில்லை என்று அதில் பாதியைத் திருப்பிக் கொடுத்துவிட்டது.

இனி டில்லிக்குப் பக்கத்தில் உள்ள நொய்டாவுக்குப் போவோம். அங்கே 93ஏ செக்டாரில் 'எமரால்டு கோர்ட்' என்ற குடியிருப்பு. 'எமரால்டு' என்றால் மரகதம், பெயரிலேயே பச்சை! 2004ஆம் வருஷக் கடைசியில் சூப்பர்டெக் என்ற நிறுவனத்துக்கு அங்கே மனை ஒதுக்கப்பட்டது. 2005 ஜூனில் அங்கீகரிக்கப்பட்ட படத்தில் பதினான்கு கட்டடங்கள். ஒவ்வொன்றும் தரைத் தளமும் ஒன்பது மாடிகளும். முதல் கட்டடத்தை ஒட்டி ஒரு தோட்டம். படத்தைப் பார்த்து ஜனங்கள் வாங்கினார்கள்.

படம் மாறத் தொடங்கியது. 2006 டிசம்பரில் ஒன்பது மாடி பதினொன்றாயிற்று. 2009 நவம்பரில் வந்த படத்தில், தோட்டம் இருந்த இடத்தில் இருபத்து நாலு மாடிகள் கொண்ட இரண்டு கட்டடங்கள் முளைத்திருந்தன. 2012 மார்ச்சில் அந்த இருபத்து நாலு நாற்பதாயிற்று! முதல் கட்டடத்துக்கும் புதிய கோபுரத்துக்கும் இடையில் பதினாறு மீட்டராவது விட்டிருக்க வேண்டும். விட்டிருந்ததோ ஒன்பது மீட்டர்தான். வெளிச்சத்தையும் காற்றையும் நம்பி வாங்கியவர்கள் ஜன்னலைத் திறந்தால் எதிரே சுவர்.

குடியிருந்தவர்கள், அங்கீகரித்த படத்தின் நகலைக் கொடுங்கள் என்று நொய்டா அதிகார சபையிடம் கேட்டார்கள். சபை என்ன செய்தது தெரியுமா? கொடுக்கலாமா என்று கட்டுகிறவரையே கேட்டது! அவர் கொடுக்க வேண்டாம் என்றார், சபையும் கொடுக்கவில்லை. தாங்கள் வாங்கிய பொருளைக் கண்ணால் பார்ப்பதற்கே அந்த ஜனங்களுக்கு உரிமை இல்லாமல் போயிற்று.

அவர்கள் சும்மா இருக்கவில்லை. 2012 டிசம்பரில் அலகாபாத் ஹைகோர்ட்டுக்குப் போனார்கள். 2014 ஏப்ரலில், இரண்டு கோபுரங்களையும் இடிக்க வேண்டும் என்று தீர்ப்பாயிற்று. வழக்கு சுப்ரீம் கோர்ட்டுக்குப் போய் ஏழு வருஷம் நடந்தது. முதல் கட்டடமும் புதிய கோபுரங்களும் சேர்ந்து ஒரே கட்டடத் தொகுதிதான், ஆகையால் இடைவெளி விதி பொருந்தாது என்று நிறுவனம் வாதாடியது. கோர்ட்டு அதை ஏற்கவில்லை. பொதுவான நிலத்திலும் இடத்திலும் ஒவ்வொரு பிளாட்டுக்காரருக்கும் பங்கு இருக்கிறது. நம் சென்னைப் பத்திரங்களில் 'பிரிபடாத பாகம்' என்று எழுதுகிறோமே, அதே மாதிரிதான். பிளாட்டுகளின் எண்ணிக்கை கூடக் கூட, முன்பே வாங்கியவரின் பாகம் அவரைக் கேளாமலே சுருங்கிவிடுகிறது. 2021 ஆகஸ்டு 31ஆம் தேதி சுப்ரீம் கோர்ட்டு இடிக்கும் தீர்ப்பை உறுதி செய்தது.

ஒரு வருஷம் கழித்து, 2022 ஆகஸ்டு 28ஆம் தேதி பிற்பகல் இரண்டரை மணிக்கு, 3,700 கிலோ வெடிமருந்து வைத்து ஏபெக்ஸ், சியான் என்ற அந்த இரட்டைக் கோபுரங்களைத் தகர்த்தார்கள். குதுப் மினாரைவிட உயரமான கட்டடங்கள், சில விநாடிகளில் புழுதியாய்ப் போயின. காகிதத்தில் இருந்த ஒரு தோட்டத்துக்காக!

ஜனங்கள் கை தட்டினார்கள். ஆனால் இந்தக் கதையில் கை தட்ட முடியாதவர்களும் உண்டு. இடிந்த கோபுரங்களில் பிளாட் வாங்கியிருந்தவர்களும் நம்மைப் போன்றவர்கள்தாமே? அவர்களும் ஒரு படத்தைப் பார்த்துத்தான் பணம் கட்டினார்கள். பன்னிரண்டு சதவிகித வட்டியுடன் பணத்தைத் திருப்பித் தர வேண்டும் என்று கோர்ட்டு உத்தரவிட்டிருந்தது. ஆனால் கோபுரங்கள் விழுவதற்கு ஐந்து மாதம் முன்பே, 2022 மார்ச்சில், நிறுவனத்தின் மீது திவால் நடவடிக்கை தொடங்கிவிட்டது. தீர்ப்புக் கையில் இருந்தும் பணத்துக்காக அலைய வேண்டியிருந்தது.

என் நண்பர் கணக்கு வாத்தியார் அல்லவா? "விலைக் கணக்கு எனக்குப் புரியவே மாட்டேன் என்கிறது" என்றார். புரியாமல் இருப்பதற்காகவே வெகு காலம் அப்படிக் கணக்கு எழுதி வந்தார்கள். மாடிப்படி, மின்தூக்கி, நடைவழி எல்லாவற்றிலும் ஒரு பங்கைச் சேர்த்து 'சூப்பர் பில்ட்-அப்' என்று பெயர் சூட்டுவார்கள். ஆயிரம் சதுர அடிக்கு விலை கொடுத்தவர் வீட்டுக்குள் நாடாப் பிடித்து அளந்தால் எழுநூறு சொச்சம் இருக்கும். மிச்சம் எங்கே என்று கேட்டால், படிக்கட்டைக் காட்டுவார்கள். தூண்களுக்கு இடையில் கார் நிறுத்தும் இடத்துக்குத் தனி விலை வேறு. அப்படித் தனியாக விற்க முடியாது, அது எல்லாருக்கும் பொது என்று, 1963ஆம் வருஷத்து மகாராஷ்டிரச் சட்டத்தை வைத்தே 2010இல் சுப்ரீம் கோர்ட்டு சொல்ல வேண்டியிருந்தது.

2016இல் நாடு முழுவதற்குமாக 'ரெரா' என்ற சட்டம் வந்தது. 2017 மே முதல் முழுமையாக அமலுக்கு வந்தது. 'கார்ப்பெட் ஏரியா' என்றால் வீட்டுக்குள் உபயோகிக்கக் கூடிய தரைப் பரப்பு என்று அது வரையறுத்துவிட்டது; வெளிச் சுவரும் பால்கனியும் அதில் சேரா. விலையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் வாங்குவதானால் முதலில் ஒப்பந்தம் பதிவாக வேண்டும். வாங்குகிறவர்கள் கொடுக்கும் பணத்தில் நூற்றுக்கு எழுபது தனி வங்கிக் கணக்கில் இருக்க வேண்டும். அங்கீகரித்த படம் எல்லாரும் பார்க்கும்படி ஆணையத்தின் இணையதளத்தில் இருக்க வேண்டும். பொதுத் திட்டத்தை மாற்றுவதானால், வாங்கியவர்களில் மூன்றில் இரண்டு பங்குப் பேர் எழுத்து மூலம் சம்மதிக்க வேண்டும். கட்டுகிறவர் கையில் வைத்திருக்கும் வீடுகளுக்கு ஓட்டு இல்லை. ஒருவரே பத்து வீடு வாங்கியிருந்தாலும் ஓட்டு ஒன்றுதான்.

நியாயமான மாறுதல்களும் உண்டு. படத்தில் தெரியாத குறை பள்ளம் தோண்டும்போது தெரியலாம். அதனால்தான் சட்டம் மாறுதலே கூடாது என்று சொல்லவில்லை. கேட்டுவிட்டு மாற்று என்கிறது.

நண்பர் சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "அப்படியானால் அவர்கள் என்னைக் கேட்பது தயவு இல்லையா?" என்றார்.

"தயவு இல்லை, சார். கடமை. நொய்டாக்காரர்களை யாரும் கேட்கவே இல்லை."

உடனே என் மேஜைமேல் இருந்த பென்சிலை எடுத்துக் கடிதத்தின் ஓரத்தில் கணக்குப் போட்டார். "நாற்பத்தெட்டு பேர். மூன்றில் இரண்டு பங்கு முப்பத்திரண்டு. பதினேழு பேர் கையெழுத்துப் போடாவிட்டால் தோட்டம் தப்பிக்கும். நான் ஒருவன். இன்னும் பதினாறு பேர் வேண்டும்."

அந்தப் பதினாறு பேர் யார், எங்கே இருக்கிறார்கள் என்று அவருக்குத் தெரியாது. ஒரே சுவரின் இரு பக்கமும் வாழப் போகிறவர்கள், ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததில்லை. சுவர் எழும்புவதற்கு முன்பே அண்டை வீட்டுக்காரர்களைத் தேடிக் கொண்டு அவர் வெயிலில் இறங்கிப் போனார். கையெழுத்திடாத காகிதம் அவருடைய சட்டைப் பையில் இருந்தது.