முதலில் பார்க்க ஒரு சந்தா

நம் ஊர் நூல் வெளியீட்டில் முதல் நூலைப் பெற்றுக்கொள்பவர் உறையில் வைப்பது புத்தகத்தின் விலையை மட்டுமல்ல. அடுத்தவர் கைக்குப் போவதும் அதே நூல்தான். இவருக்குக் கிடைப்பது முதலிடம். இணையத்தில் தனித்து இயங்கும் படைப்பாளர்கள் செய்வதும் ஏறக்குறைய இதுவே. மாதச் சந்தா கட்டும் ஆதரவாளர்களுக்குக் காணொளியைச் சில நாள் முன்னதாகக் காட்டுகிறார்கள். பிறகு அது எல்லாருக்கும் இலவசம். இதை ‘ஏர்லி ஆக்சஸ்’ என்கிறார்கள்.

சந்தா கட்டி ஆதரிக்கும் வழக்கத்தைப் பரவலாக்கிய தளம் பேட்ரியான். அமெரிக்க இசைக் கலைஞர் ஜேக் கான்டியும் சாம் யாமும் 2013இல் தொடங்கியது. பெருஞ்செலவில் எடுத்த இசைக் காணொளிக்கு விளம்பரத்தில் சொற்பமே தேறும் என்று கான்டி உணர்ந்ததே அதன் தொடக்கம்.

நம்மவர்களுக்குப் பழக்கமான யூடியூப்பிலும் உறுப்பினர் திட்டம் உண்டு. காணொளியை முதலில் ‘உறுப்பினர்களுக்கு மட்டும்’ என்று ஏற்றிவிட்டு, சொன்ன நாளில் பொதுவாக்கினால் போதும். சந்தாவில் 30 விழுக்காட்டை யூடியூப் எடுத்துக்கொள்ளும். மாதம் 10 ரிங்கிட் வீதம் 50 பேர் சேர்ந்தால் வசூல் 500 ரிங்கிட். வரி போன்ற பிற பிடித்தங்களுக்கு முன் படைப்பாளருக்கு 350. ஒரு குறும்படக் குழுவின் ஒருநாள் சாப்பாட்டுக்கும் பெட்ரோலுக்கும் ஆகும். சில நூறு பார்வைகளுக்கு வரும் விளம்பரக் காசில் இது நடக்காது.

ஆனால் எல்லாவற்றையும் இப்படிப் பூட்டி வைக்க முடியாது. தீமிதித் திருவிழாவின் காட்சியை மூன்று நாள் கழித்துப் பொதுவாக்கினால் யார் பார்ப்பார்? அதற்குள் ஊரே வாட்ஸ்அப்பில் பார்த்து முடித்திருக்கும். தொடர்கதை, பாடல், குறும்படம், நீண்ட நேர்காணல் ஆகியவை காத்திருந்தாலும் கெடாதவை. தோட்டத்துப் பாட்டி பேசிய பழைய கதை ஒரு வாரம் தாமதித்தாலும் சுவை குறையாது. சந்தா கட்ட முடியாத பாட்டியின் பேரப்பிள்ளைகளும் பிறகு பார்ப்பார்கள். பணம் கட்டாதவரை வெளியே நிறுத்தாமல் சற்றே காக்க வைப்பதால்தான் நம் சமூகத்துக்கு இம்முறை ஒத்துவரும் என்பேன்.

படைப்பாளர் காக்க வேண்டியது தேதி. வெள்ளிக்கிழமை என்று உறுப்பினருக்குச் சொல்லிவிட்டுத் திங்கட்கிழமை எல்லாருக்கும் சேர்த்து வெளியிட்டால், அந்த மாதச் சந்தா எதற்கு என்று அவர் கேட்பது நியாயமே. மாதம் நான்கு காணொளி முடியாவிட்டால் இரண்டு என்றே அறிவிக்கலாம்.

சந்தா கட்டுவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இது மாதந்தோறும் அட்டையில் தானாகவே கழியும். நிறுத்தச் சொல்லும்வரை நிற்காது. யூடியூப்பில் இடையில் ரத்து செய்தாலும், கட்டிய மாதம் முடியும்வரை பார்க்கலாம். ஐபோன் செயலி வழி சேர்ந்தால் கட்டணம் கூடக்கூடும். சேருமுன் அதே பக்கத்தை உலாவியில் திறந்து விலையை ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.