தமிழ்நாட்டு வணிகர் சங்கங்கள்

ஒரு தெருவிலோ சந்தையிலோ ஊரிலோ கடை வைத்திருப்பவர்களும், ஒரே சரக்கை விற்பவர்களும் சந்தா கட்டிச் சேர்ந்து நடத்தும் அமைப்பு வணிகர் சங்கம். மாநில அளவில் இயங்கும் அமைப்புகளில் பெரும்பாலும் தனிக் கடைக்காரர் நேரடி உறுப்பினராக இருப்பதில்லை. ஊர்ச் சங்கங்களும் சரக்குவாரிச் சங்கங்களும் சேர்ந்து அமைத்த சங்கங்களின் சங்கம் அது. பேரவை, பேரமைப்பு, சம்மேளனம் என்ற பெயர்களே இதைச் சொல்லிவிடும். இவற்றின் வேலை அரசிடம் மனுக் கொடுப்பது, அதிகாரிகளோடு பேசுவது, இரண்டும் பலிக்காதபோது கடையை அடைப்பது. மூன்றாவது வேலைதான் வெளியே தெரிவது. ஆனால் அடைத்த கடையின் அன்றைய நட்டம் அரசுக்கு விழுவதைவிடக் கடைக்காரரின் கல்லாவில்தான் முதலில் விழுகிறது. ஆகவே அதை அடிக்கடி எடுக்க முடியாது என்பது சங்கத்தில் இருப்பவர்கள் எல்லோருக்கும் தெரியும்.

பழைய குழுக்கள்

வணிகர்கள் கூடித் தங்களுக்குள் விதி வகுத்துக்கொள்வது இங்கே பழைய வழக்கம். ஐந்நூற்றுவர், மணிக்கிராமத்தார், அஞ்சுவண்ணத்தார், நானாதேசிகள் என்று கல்வெட்டுகளில் வரும் பெயர்கள் அத்தகைய குழுக்களுடையவை. தாய்லாந்தின் தகுவாபாவில் கிடைத்த 9ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு, அவனிநாரணம் என்ற குளம் மணிக்கிராமத்தாரின் காவலில் இருந்ததைச் சொல்கிறது. சுமத்ராவின் பாருஸில் உள்ள 1088ஆம் ஆண்டுக் கல்வெட்டு இன்னும் சுவையானது. திசையாயிரத்து ஐந்நூற்றுவர் கூடி, அங்கே வரும் மரக்கலத்தார் செலுத்த வேண்டிய தொகையைப் பொன்னில் தீர்மானித்தார்கள். அந்தப் பொன்னின் அளவைக் கஸ்தூரியின் விலையோடு இணைத்தார்கள். சரக்கின் விலையை அளவுகோலாக வைத்துச் சந்தா வசூலிக்கும் யோசனை அன்றே இருந்திருக்கிறது. சிவகங்கைப் பக்கத்துப் பிரான்மலைக் கல்வெட்டில், தாங்கள் வாங்கி விற்கும் சரக்குகளின்மேல் வணிகர்கள் தாமாகவே ஒரு பங்கு விதித்துக் கோயிலுக்குக் கொடுத்திருக்கிறார்கள்.

இந்தக் குழுக்களுக்கும் இன்றைய பேரமைப்புகளுக்கும் நேர் வாரிசுத் தொடர்பு கிடையாது. மேடைப் பேச்சுகளில் அப்படி ஒரு தொடர்பைச் சொல்வதுண்டு. தொடர்ந்து வந்தது அமைப்பு அல்ல, விற்பனையிலிருந்து ஒரு துளியைப் பொதுவுக்கு ஒதுக்கும் பழக்கம்.

மகமை

அந்தப் பழக்கத்தின் பெயர் மகமை. 19ஆம் நூற்றாண்டில் இதைப் பெரிய அளவில் நடத்திக்காட்டியவர்கள் இராமநாதபுரம் சீமையின் நாடார் வணிகர்கள். விருதுநகர், சிவகாசி, அருப்புக்கோட்டை போன்ற ஊர்களில் வண்டிகளும் சரக்கும் பத்திரமாகத் தங்கப் பேட்டைகள் கட்டினார்கள். பேட்டைக்கு வரும் சரக்கின்மேல் மகமை வாங்கினார்கள். அந்தப் பணத்தை நிர்வகித்தது உறவின்முறை என்ற அவர்களது சாதிச் சபை. வழக்கு நடத்த, கோயில் கட்ட, கிணறு வெட்ட, பள்ளிக்கூடம் வைக்க என்று பணம் போயிற்று. விருதுநகரில் 1889இல் தொடங்கிய க்ஷத்திரிய வித்தியாசாலை இப்படி வளர்ந்ததுதான். காமராசர் படித்தது அங்கேதான். 1910இல் நாடார் மகாஜன சங்கம் உருவானது. 1921இல் தூத்துக்குடியில் தொடங்கிய நாடார் வங்கி பின்னாளில் தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கியானது.

உறவின்முறையின் பலமும் குறையும் ஒன்றே: அது சாதியால் கட்டப்பட்டது. உள்ளே இருப்பவருக்குக் கடனும் காவலும் கிடைத்தன. பக்கத்துக் கடை வேறு சாதிக்காரருடையது என்றால் அவருக்கு அங்கே இடமில்லை. தெருவில் இருக்கும் எல்லாக் கடைகளையும் ஒரே குடையின்கீழ் கொண்டுவர வேறொரு காரணம் தேவைப்பட்டது. அந்தக் காரணத்தை அரசாங்கமே கொடுத்தது. அதைச் சொல்லுமுன் சென்னையைப் பார்க்க வேண்டும்.

சபைக்குள் இருந்த காலம்

சென்னை வர்த்தக சபை 1836இல் ஆங்கிலேய வணிக நிறுவனங்களால் தொடங்கப்பட்டது. இந்திய வணிகர்களுக்கு அதில் குரல் இல்லை என்ற நிலையில் 1909இல் தென்னிந்திய வர்த்தக சபை உருவானது. முதல் தலைவர் பிட்டி தியாகராயர். மதுரையில் 1924இல் மதுரை–இராமநாதபுரம் வர்த்தக சபை தோன்றி, பிறகு தமிழ்நாடு வர்த்தக சபை என்று பெயர் மாற்றிக்கொண்டது.

இவை அன்று மனுக் கொடுத்துவிட்டு வாசலில் காத்திருந்த அமைப்புகள் அல்ல. 1919 சீர்திருத்தத்தின்படி அமைந்த சென்னைச் சட்டமன்றத்தில் வணிகத்துக்கென்றே தனித் தொகுதிகள் இருந்தன. சென்னை வர்த்தக சபை, தென்னிந்திய வர்த்தக சபை, தோட்ட முதலாளிகள், நாட்டுக்கோட்டை நகரத்தார் சங்கம் ஆகியவை தங்கள் பிரதிநிதிகளைத் தாங்களே தேர்ந்தெடுத்து அனுப்பின. வரி மசோதா வந்தால் அவர்களே எழுந்து பேசினார்கள். வயதுவந்தோர் வாக்குரிமை வந்தபின் 1952 தேர்தலோடு இந்த ஏற்பாடு முடிந்தது. ஜனநாயகத்துக்கு அது நியாயம். சங்கங்களைப் பொறுத்தவரை, சபைக்குள் இருந்த நாற்காலி போய், கோட்டை வாசலில் மனுவோடு நிற்கும் காலம் அதோடு தொடங்கியது.

விற்பனை வரி

நாட்டிலேயே முதன்முதலாகப் பொது விற்பனை வரியைக் கொண்டுவந்தது சென்னை மாகாணம்தான். மதுவிலக்கால் இழந்த வருவாயை ஈடுகட்ட ராஜாஜி அமைச்சரவை 1939இல் அந்தச் சட்டத்தை இயற்றியது. வரி அரை விழுக்காடு. அன்றைய கணக்கில் ரூபாய்க்கு ஏறக்குறைய ஒரு தம்பிடி. தொகை சிறியதுதான். ஆனால் அதற்காக விற்பனையை எழுதி வைக்க வேண்டும், எழுதியதை அதிகாரி கேட்டால் காட்ட வேண்டும். மனக்கணக்கிலும் துண்டுச்சீட்டிலும் ஓடிய கடைக்கு அதுதான் பெரிய மாற்றம்.

1959இல் புதிய பொது விற்பனை வரிச் சட்டம் வந்தது. அதற்குள் கலப்படத் தடைச் சட்டம், அத்தியாவசியப் பொருள் சட்டம், எடையளவுச் சட்டம், கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் எல்லாம் சேர்ந்திருந்தன. ஒரு மளிகைக் கடைக்கு ஐந்தாறு துறைகளின் ஆய்வாளர்கள் வரலாம் என்ற நிலை. ஒவ்வொருவருக்கும் தனியாகப் பதில் சொல்லக் கடைக்காரருக்கு நேரமும் இல்லை, சட்டமும் தெரியாது. ஊர்தோறும் வணிகர் சங்கம் முளைத்தது இதனால்தான். சங்கச் செயலாளர் என்பவர் நடைமுறையில் நோட்டீஸைப் படித்துப் பொருள் சொல்பவர், அதிகாரி வந்தால் கூட நிற்பவர். இந்தப் பயம் எல்லாக் கடைக்கும் பொதுவானது. உறவின்முறையால் சேர்க்க முடியாதவர்களை விற்பனை வரி சேர்த்துவிட்டது.

பேரவையும் பேரமைப்பும்

ஊர்ச் சங்கங்களை மாநில அளவில் இணைத்த தமிழ்நாடு வணிகர் சங்கங்களின் பேரவை 1983ஐத் தொடக்க ஆண்டாகக் கொள்கிறது. அதையொட்டியே ஆண்டுதோறும் மே 5 வணிகர் தினம். அன்று கடைகளுக்கு விடுமுறை விட்டு மாநாடு நடத்துவார்கள். பேரவையின் முகமாக நெடுங்காலம் இருந்தவர் த. வெள்ளையன். 2024 செப்டம்பரில் காலமானார். அவர் இருக்கும்போதே அமைப்பு பிரிந்து, ஏ.எம். விக்கிரமராஜா தலைமையில் தமிழ்நாடு வணிகர் சங்கங்களின் பேரமைப்பு தனியே வளர்ந்தது. ஒரே நாளில் இரண்டு ஊர்களில் இரண்டு மாநாடுகள் நடப்பது வழக்கமாயிற்று. வெளியூர்க்காரருக்குப் பேரவை எது, பேரமைப்பு எது என்று பிரித்துச் சொல்வது இன்றும் கடினம்தான். பிளவு வணிகர்களின் பலத்தைக் குறைத்தது என்பார்கள். ஆனால் இரு தரப்பும் போட்டிபோட்டுக்கொண்டு கோரிக்கைகளை எழுப்பியதில் சிறு கடைகளுக்கு லாபமும் இருந்தது.

இவை பெற்றவை பல வகை. 1989இல் வணிகர் நல வாரியம் அமைந்தது. மறைந்த வணிகரின் குடும்பத்துக்கு உதவித்தொகை கொடுப்பது அதன் முக்கியப் பணி. மதுராந்தகத்தில் 2025 மே 5 அன்று நடந்த மாநாட்டில் அந்தத் தொகையை 3 லட்சத்திலிருந்து 5 லட்சமாக்குவதாக முதல்வர் மு.க. ஸ்டாலின் அறிவித்தார். இரவில் கடையை மூடச் சொல்லிக் காவலர்கள் வற்புறுத்துவது பற்றி வணிகர்களுக்கு நெடுநாள் மனக்குறை இருந்தது. பத்து பேரோ அதற்கு மேலோ வேலைசெய்யும் கடைகள் 24 மணி நேரமும் திறந்திருக்கலாம் என்ற அரசாணை 2019இல் வந்து, பின்னர் நீட்டிக்கப்பட்டது.

வாட் வரி விஷயத்தில் கிடைத்தது வெற்றியல்ல, கால அவகாசம். பெரும்பாலான மாநிலங்கள் 2005 ஏப்ரல் 1 அன்றே வாட் முறைக்கு மாறின. வணிகர் எதிர்ப்பு வலுவாக இருந்த தமிழ்நாட்டில் அது 2007 ஜனவரி 1 அன்றுதான் நடைமுறைக்கு வந்தது. மாநிலச் சங்கங்களின் சாதனைகளில் பாதி இந்த இனத்தைச் சேர்ந்தவை. சட்டத்தை நிறுத்துவதில்லை, தள்ளிவைக்கும். சில்லறை வணிகத்தில் அந்நிய முதலீட்டை மத்திய அரசு 2012இல் அனுமதித்தபோது, இங்கே அனுமதியில்லை என்று முதல்வர் ஜெயலலிதா அறிவித்தார். அங்கே வணிகர் கோரிக்கையும் மாநில அரசின் நிலைப்பாடும் ஒரே திசையில் ஓடின.

தன் உறுப்பினரைக் கட்டுப்படுத்தும் அதிகாரம் பேரமைப்புக்கு இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஜல்லிக்கட்டுப் போராட்டத்தின் சூடு ஆறுவதற்குள், 2017 மார்ச் 1 முதல் பெப்சி, கோக் விற்பதில்லை என்று இரு அமைப்புகளும் அறிவித்தன. முதல் வாரங்களில் பல கடைகள் அதைக் கடைப்பிடித்தன. வாடிக்கையாளர் கேட்கக் கேட்க, அந்தப் புட்டிகள் குளிர்பெட்டிக்குள் திரும்பி வந்துவிட்டன.

கடையடைப்புக்கும் எல்லை உண்டு. பிறரைக் கட்டாயப்படுத்தும் பந்த் சட்டவிரோதம் என்று கேரள உயர் நீதிமன்றம் 1997இல் சொன்னதை உச்ச நீதிமன்றம் அதே ஆண்டில் உறுதிசெய்தது. தன் கடையைத் தானே அடைப்பதை யாரும் தடுக்க முடியாது, பக்கத்துக் கடையை அடைக்க வைப்பது வேறு. விலை விஷயத்திலும் இதே போன்ற கோடு உண்டு. 2002ஆம் ஆண்டுப் போட்டிச் சட்டம் சங்கங்கள் கூடி விலையையோ விநியோகத்தையோ கட்டுப்படுத்துவதைத் தடுக்கிறது. மொத்த வியாபாரியை நியமிக்கத் தங்களிடம் தடையில்லாச் சான்று வாங்க வேண்டும் என்று வற்புறுத்திய மருந்து வணிகர் சங்கங்கள் அச்சட்டத்தின்கீழ் அமைந்த போட்டி ஆணையத்தின் முன் நிற்க வேண்டியிருந்தது.

தீப்பெட்டி

சரக்குவாரிச் சங்கங்கள் எப்படி இயங்குகின்றன என்று பார்க்கத் தீப்பெட்டியைவிட நல்ல உதாரணம் இல்லை. 1995இல் 50 காசாகவும் 2007இல் ஒரு ரூபாயாகவும் ஆன தீப்பெட்டி விலை, 2021 டிசம்பர் 1 முதல் இரண்டு ரூபாயானது. அதைத் தீர்மானித்தது சிவகாசியில் கூடிய ஐந்து தீப்பெட்டிச் சங்கங்களின் பிரதிநிதிகள். அட்டை, மெழுகு, பாஸ்பரஸ் எல்லாம் விலை ஏறியதுதான் காரணம். பெட்டிக்குள் குச்சிகளையும் கூட்டிப் போட்டார்கள்.

விலையில் ஒன்றுசேர்ந்தவர்கள் வரியில் ஒன்றுசேரவில்லை. 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தபோது கையால் செய்யும் தீப்பெட்டிக்கு 5 விழுக்காடு, இயந்திரத்தில் செய்வதற்கு 18 என்று வைத்தார்கள். கோவில்பட்டி, சாத்தூர் பக்கத்தில் ஒரு கூரைக்குக் கீழேயே கைவேலையும் இயந்திரமும் கலந்து ஓடும். எது கைத்தயாரிப்பு என்பதிலேயே சண்டை. ஒரு தரப்பின் கோரிக்கை மறு தரப்பின் நட்டமாக இருந்தது. 2020 ஏப்ரலில் எல்லாவற்றுக்கும் 12 என்று ஆக்கினார்கள்.

பிளாஸ்டிக் லைட்டர் வந்தபோது எல்லோரும் மறுபடி ஒரே பக்கம். பத்து ரூபாய் லைட்டர் ஒன்று இருபது தீப்பெட்டிகளின் இடத்தைப் பிடிக்கிறது என்ற கணக்கைச் சங்கங்கள் எல்லா மனுவிலும் எழுதின. 2022இல் முதல்வர் ஸ்டாலின் மத்திய அரசுக்கு எழுதிய கடிதத்திலும் அதே கணக்கு இருந்தது. 20 ரூபாய்க்குக் குறைந்த லைட்டர் இறக்குமதிக்கு 2023 ஜூனில் தடை வந்தது. அடுத்து உதிரி பாகங்களாக இறக்கி இங்கே பூட்டி விற்கத் தொடங்கினார்கள். சங்கங்கள் மீண்டும் மனுவோடு கிளம்பின. 2024 அக்டோபரில் பாகங்களுக்கும் தடை. ஒரு நல்ல எண்ணிக்கையைக் கண்டுபிடித்து அதையே விடாமல் சொல்வது எவ்வளவு வேலை செய்யும் என்பதற்கு இது சான்று.

கோட்டையிலிருந்து கவுன்சிலுக்கு

2017க்கு முன் வரி விகிதத்தைப் பற்றிப் பேசக் கோட்டைக்குப் போனால் போதும். ஜி.எஸ்.டி. வந்தபின் அதை முடிவுசெய்வது ஜி.எஸ்.டி. கவுன்சில். அங்கே மத்திய அரசுக்கு மூன்றில் ஒரு பங்கு வாக்கு. மீதியை எல்லா மாநிலங்களும் பகிர்ந்துகொள்கின்றன. நான்கில் மூன்று பங்கு ஆதரவு இருந்தால்தான் தீர்மானம் நிறைவேறும். மாநில நிதியமைச்சரை முழுதாக இணங்க வைத்தாலும் கிடைப்பது ஒரு மாநிலத்தின் வாக்குதான். அதனால் மாநிலச் சங்கங்கள் டெல்லி அமைப்புகளோடு சேர்ந்தோ, மத்திய அமைச்சர் ஊருக்கு வரும் நாளைப் பார்த்தோ பேச வேண்டியதாயிற்று.

2024 செப்டம்பரில் கோயம்புத்தூரில் நடந்த அப்படியொரு கூட்டத்தில், ஓட்டல் உரிமையாளர் சங்கத்தின் சார்பில் ஒருவர் எழுந்து, பன்னுக்கு வரியில்லை, நடுவே கிரீமை வைத்தால் 18 விழுக்காடு, வாடிக்கையாளர் கிரீமைத் தனியாகக் கொடுங்கள் நாங்களே தடவிக்கொள்கிறோம் என்கிறார் என்று சொன்னார். அரங்கமே சிரித்தது. பிறகு அவர் மத்திய நிதியமைச்சரிடம் வருத்தம் தெரிவிக்கும் காணொளி வெளியாகி, அது பல நாள் அரசியல் சர்ச்சையாக ஓடியது. பல பக்க மனுக்கள் சொல்லாததை ஒரு பன் சொல்லிவிட்டது; சொன்னவருக்கு அதன் விலையும் இருந்தது. 2025 செப்டம்பர் 22 முதல் கேக், பேஸ்ட்ரி, பிஸ்கட் வகைகளின் வரி 18இலிருந்து 5 விழுக்காடாகக் குறைந்தது. ரொட்டிக்கு வரி இல்லை என்பது அப்படியே இருக்கிறது. ஆகவே பில் போடும் இயந்திரத்தில் இரண்டு கணக்கு இன்னும் ஓடுகிறது.